பதிமூன்று சீட்டும் ஒரு புதன்கிழமையும்

மகனே,

நீ நன்றாக இருக்கிறாய் என்று போன வாரம் போனில் சொன்னாய். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதத்தை நானாக எழுதவில்லை. உன் அம்மா எழுதச் சொன்னாள். எதிரில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். ஒரு பக்கம் முடிந்ததும் வாங்கிப் படிக்கிறாள். பொங்கலுக்கு நீயும் உன் மனைவியும் வந்திருந்தீர்கள். மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து சீட்டு போட்டோம். உன் மனைவி இரண்டு ஜோக்கரை ஒரே வரிசையில் வைத்து ஆட்டத்தை முடித்தாள். நீ அவள் சீட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு ஜோக்கர் ஒண்ணா வரக்கூடாதுன்னு சொன்னேனே, மறந்துட்டியா?" என்றாய். அவள் யோசித்துப் பார்த்து, "சொன்னீங்களா? மறந்துட்டேன்போல" என்றாள். நீ எண்பது என்று எழுதிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் சிரித்தேன். உன் அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உங்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்த பிறகு என்னிடம், "அவனுக்கு எழுதுங்க. முழுசா எழுதுங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் தட்டிக் கழித்த ஒவ்வொரு நாளும் காலைக் காப்பியோடு இந்த நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள்.

எழுபதுகளின் கடைசி. நீ பிறக்கவில்லை. மானாம்பதிப் பக்கம் நம் ஊர் வீட்டில் நாங்கள் நான்கு பேர். நான், உன் அம்மா, உன் பெரியப்பா, பெரியம்மா. பெரியப்பா மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்று வந்த புதிது. பெட்டியில் அவர் கொண்டுவந்தவற்றில் இரண்டு சீட்டுக்கட்டும் உண்டு. அறுப்பு முடிந்து அடுத்த நடவுவரைக்கும் கையில் வேலை இருக்காது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் வெயில் தாழும்வரை ரம்மிதான். மூன்று பேர் ஆடினால் சுவாரஸ்யம் இல்லை என்று பெரியப்பா உன் அம்மாவையும் கூப்பிட்டார். தென்னேரியில் அவள் வீட்டில் சீட்டைத் தொட விட்டதில்லை. ஆட்டின் எது, டைமன் எது என்பதுகூட அவளுக்குத் தெரியாது. "நான் கத்துத்தரேன்" என்று நான்தான் பாய் போட்டு உட்காரவைத்தேன்.

நன்றாகத்தான் கற்றுக்கொடுத்தேன். ஆளுக்குப் பதிமூன்று சீட்டு. ஒரே இனத்தில் நாலு, அஞ்சு, ஆறு என்று வரிசையாகச் சேர்ந்தால் அது ரம்மி. ஒரே எண் மூன்று இனத்தில் சேர்ந்தால் அது செட். ரம்மி குறைந்தது இரண்டு வேண்டும். அதில் ஒன்றாவது, எந்தச் சீட்டுக்கும் பதிலாக நிற்கும் ஜோக்கர் கலக்காத ஒரிஜினலாக இருக்க வேண்டும். பதிமூன்றும் சேர்ந்துவிட்டால் மிச்சமாகும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து டிக் அடிக்கலாம். டிக் அடித்தவருக்குப் பூஜ்யம். மற்றவர்கள் கையில் சேராமல் நிற்கும் சீட்டையெல்லாம் கூட்டி எழுதுவோம். ராஜா, ராணி, ஜாக்கி, ஏஸ் எல்லாம் பத்துப் பத்து. ஒரிஜினல் இல்லாதவனுக்கு எந்த செட்டும் செல்லாது, கையில் இருப்பது மொத்தமும் ஏறும். சீட்டு சரியில்லை என்று முதலிலேயே ஸ்கூட் விட்டால் இருபத்தைந்து, பாதியில் விட்டால் ஐம்பது. தப்பாக டிக் அடித்தால் ஃபுல், அதாவது எண்பது. இருநூறைத் தாண்டியவர் அவுட். அவுட் ஆனவர் எழுந்து போய் எல்லோருக்கும் டீ போட வேண்டும். நாங்கள் வைத்திருந்த பந்தயம் அவ்வளவுதான்.

அவள் நாலே நாளில் பிடித்துக்கொண்டாள். யார் எந்தச் சீட்டை எடுத்தார்கள், எதைக் கழித்தார்கள் என்பது அப்படியே நினைவில் நிற்கும். ஐந்தாம் நாள் மூன்று ஆட்டம் தொடர்ந்து டிக் அடித்தாள். பெரியப்பா இருநூறைத் தாண்டினார். மிலிட்டரியில் பத்து வருஷம் ஆடியவர், தம்பி பெண்டாட்டிக்குத் தோற்று டீ போட எழுந்தார். அடுத்த நாள் அவள் மறுபடி டிக் அடித்துச் சீட்டை விரித்தபோது பெரியப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது? ஒரே செட்டுல கிளாவரும் ஸ்பேடும் வெச்சிக்கீற? ரெண்டு கருப்பு ஒண்ணா வரக்கூடாதே" என்றார்.

அப்படி ஒரு சட்டம் கிடையாது. அவர் அந்த நிமிஷத்தில் இட்டுக்கட்டியது. உன் அம்மா என்னைப் பார்த்தாள்.

"அப்டி சொல்லலியே நீங்க?"

"மொத நாளே சொன்னேன்" என்றேன். "நீ காதுல வாங்கல."

அவளுக்கு எண்பது எழுதினோம். பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். மாலையில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவள் ஏஸ், ரெண்டு, மூணு என்று ஒரிஜினல் வைத்திருந்தபோது, ஏஸ் ராஜா ராணியோடு மட்டும்தான் சேரும் என்றோம். அடுத்த தடவை ஜோக்கர் வரிசையின் ஓரத்தில் வரக்கூடாது என்றோம். அடுத்து, கவிழ்த்து வைக்கும் சீட்டு சிவப்பாக இருந்தால் டிக் செல்லாது என்றோம். இந்தக் கடைசிச் சட்டம் என்னுடையது. நன்றாக இருந்தது என்று பெரியப்பா என் தோளில் தட்டினார். ஒவ்வொரு சட்டத்தையும் ‘ஏற்கெனவே சொன்னோம், நீ மறந்துவிட்டாய்’ என்றே சொல்வோம். மூன்று பேர் ஒரே மாதிரி சொல்லும்போது நாலாவது ஆள் என்ன செய்ய முடியும்? அவள் சட்டங்களை விரல் விட்டு எண்ணி மனப்பாடம் செய்தாள். மாவாட்டும்போது வாய்க்குள் முணுமுணுப்பாள். அவளுக்கு ‘மறதி’ என்று பெரியம்மா பேர் வைத்தாள். ‘மறதி, தண்ணி கொண்டா’ என்றால் கொண்டுவருவாள்.

ஒரு வருஷம் போயிற்று. விளையாட்டு விளையாட்டாக நிற்கவில்லை. பாலுக்கு உறை ஊற்றினேனா என்று என்னிடம் கேட்பாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு கழனிக்குப் புறப்பட்டால் பாதி வழியில் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வருவாள். குழம்பில் உப்புப் போட்டது நினைவிருந்தாலும், தன் நினைவை நம்பாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வாள். எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுதும்போது கை நிற்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்கு அது வசதியாக இருந்தது. நான் சொல்வதற்கு அந்த வீட்டில் எதிர்ப்பேச்சே இல்லாமல் போனது.

சம்பா அறுப்பு நேரம். பெரியம்மா தன் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை தென்னேரியிலிருந்து மாடு பார்க்க வந்த ஒருவர், வழியில் நம் வீட்டு வாசலில் நின்று உன் அம்மாவிடம் சேதி சொல்லிவிட்டுப் போனார். உன் தாத்தாவுக்கு வயிற்றில் கட்டி. புதன்கிழமை காலையில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள், அதற்குள் மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார், வரச்சொல் என்று சேதி. அதே ஆள் போகிற வழியில் டீக்கடையில் என்னையும் பார்த்தார். என்னிடமும் அதையே சொன்னார். "புதன்கெழம காலைல வண்டி வெச்சிடுவாங்க. அதுக்குள்ள அனுப்பிடுப்பா. பெருசு பொண்ண கேட்டுக்கினே கீது" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

நம் கழனியில் செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அறுப்பு. பதினாலு ஆள். காலையில் கூழ், மத்தியானம் சோறு. உன் அம்மா போய்விட்டால் ஆக்கிப்போட ஆளில்லை. வீட்டுக்கு வரும்போதே பெரியப்பாவிடம் சொன்னேன். அவர், "வெள்ளிக்கெழம போவட்டுமே. இன்னா ஆயிடப்போவுது" என்றார். அவ்வளவுதான் பேசினோம். சதித்திட்டம் என்று ஒன்றுமில்லை. ஒரு வருஷப் பழக்கம் இருந்தது.

உன் அம்மா எங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுச் சொன்னாள். "நைனாவ புதன்கெழம ஆஸ்பத்திரிக்கி இட்டுக்கினு போறாங்களாம். நாளைக்கே நான் கெளம்பறேங்க."

"புதனா?" என்றார் பெரியப்பா. "வெள்ளின்னுல்ல சொன்னான் அந்த ஆளு."

"புதன்னுதான் மாமா சொன்னாரு."

"என்கிட்டயும் சொன்னான். டீக்கடயில" என்றேன். "வெள்ளிக்கெழம காலைல. வியாழக்கெழம சாயங்காலம் கெளம்பினா போதும்."

அவள் கையில் மோர்ச் சட்டி. அப்படியே நின்றாள். "புதன்னு கேட்டமாதிரி இருந்துச்சே" என்றாள்.

"பதிமூணு சீட்டு ஞாபகம் வெச்சிக்க முடியல உன்னால. நாளு கெழமய மட்டும் கரெக்டா வெச்சிக்கிறியா?" என்றார் பெரியப்பா. நான் சிரித்தேன். அவளும் கொஞ்சம் சிரித்தாள். "ஆமா. எனக்குத்தான் எதுவும் தங்காதே" என்று சொல்லிவிட்டு எனக்கு மோர் ஊற்றினாள்.

மூன்று நாளும் பதினாலு ஆளுக்கும் ஆக்கிப் போட்டாள். வியாழன் சாயங்காலம் களத்தில் நெல் தூற்றி முடிக்க இருட்டிவிட்டது, கடைசி பஸ் போய்விட்டது. வெள்ளி காலை முதல் பஸ்ஸில் நானும் அவளும் புறப்பட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் அவர் ஒரு வாயாவது சாப்பிடட்டும் என்று அவருக்குப் பிடித்த சேமியாப் பாயசம் ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டாள். வாலாஜாபாத்தில் பஸ் மாறி, தென்னேரியில் ஏரிக்கரைப் பக்கம் இறங்கி நடந்தோம். அவர்கள் தெருமுனையில் திரும்பும்போது வீட்டுக்குள்ளிருந்து தண்ணீர் தெருவுக்கு ஓடிவந்துகொண்டிருந்தது. வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டு போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். புதன்கிழமை ஆஸ்பத்திரி, வியாழன் காலை ஆபரேஷன், மத்தியானம் உயிர் போய்விட்டது.

உன் மாமா தலையை மொட்டையடித்துக்கொண்டு ஈரத்துணியோடு நின்றிருந்தார். "எதுக்கு வந்தே?" என்றார். "ரெண்டு நாளு வாசலயே பாத்துக்கினு கெடந்தாரு. வண்டில தூக்கி வெச்சப்போகூட, சரோஜா வர்ற பஸ்ஸு வந்துச்சான்னாரு. வராதவளுக்கு எதுக்கு சாவு சேதின்னுதான் சொல்லி அனுப்பல."

உன் அம்மா அவர் காலில் விழுந்தாள். "நான்தாண்ணா நாள மறந்துட்டேன். அவுங்க மேல தப்பில்ல. எனக்கு எதுவுமே தங்க மாட்டேங்குது" என்றாள். நான் பின்னால் பாயசத் தூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல அதைவிடப் பொருத்தமான இடம் எனக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. நான் சொல்லவில்லை. உன் மாமா அவளைத் தூக்கவும் இல்லை. "இனிமே இந்த வூட்டுக்கு வராத" என்றார். காரியத்துக்கும் கூப்பிடவில்லை, அடுத்த வருஷம் தெவசத்துக்கும் கூப்பிடவில்லை.

இதற்கு மேல் கொடுமை என்ன இருக்கிறது என்று நினைப்பாய். இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பெரியப்பா மறுபடியும் அவளைச் சீட்டுக்குக் கூப்பிட்டார். அவள் வந்து உட்கார்ந்தாள். நாங்கள் மறுபடியும் அவளுக்கு எண்பது எழுதினோம்.

நீ பிறந்து மூன்று வருஷம் ஆன பிறகு ஏனாத்தூரில் தூரத்து உறவில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்த பிறகு பெண்கள் ஒரு ஓரமாக ஜமக்காளத்தில் சீட்டு போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு டீச்சரம்மா, ஐம்பது வயது இருக்கும், உன் அம்மாவையும் பிடித்து உட்காரவைத்தார். நான் நாலடி தள்ளி நாற்காலியில் இருந்தேன். ஆட்டத்தின் நடுவில் உன் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ரெண்டு கருப்பு ஒரே செட்டுல வரக்கூடாது, இல்லீங்களா?"

"யாரும்மா சொன்னது உனக்கு?" என்றார் டீச்சரம்மா. "தாராளமா வரலாம்."

"ஜோக்கர் ஓரத்துல?"

"எங்க வேணாலும் வெக்கலாம்."

"ஏஸு, ரெண்டு, மூணு?"

"அது ஒரிஜினல்மா. உனக்கு யாரு ஆட்டம் கத்துக்குடுத்தது?"

உன் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஒன்பது சட்டம். அவற்றை ஒரு கை விரல்களில் எண்ணி, பிறகு அடுத்த கைக்குப் போனாள். ஒன்பதுக்கும் அந்த அம்மாள் இல்லை, இல்லை என்றே சொன்னார். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. ஆட்டத்தைத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் டிக் அடித்து விரித்தாள். ஆட்டினில் நாலு, அஞ்சு, ஆறு. கிளாவரில் எட்டு, ஜோக்கர், பத்து, ஜாக்கி. மூன்று ராணி, அதில் இரண்டு கருப்பு. மூன்று ரெண்டு. கவிழ்த்து வைத்த சீட்டு சிவப்பு. டீச்சரம்மா பார்த்துவிட்டு, "சரியா கீது. உனக்குப் பூஜ்யம்" என்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. சந்தோஷம் என்று சொல்ல முடியாது. ரொம்ப நாள் நோயாளி என்று படுக்கவைத்திருந்த ஒருத்தியிடம் உனக்கு ஒன்றுமே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

திரும்பும் பஸ்ஸில் நீ அவள் மடியில் தூங்கினாய். வாலாஜாபாத்தில் பஸ் நின்றதும் அவள் கேட்டாள்.

"அப்ப, புதன்கெழம?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். "சீட்டு வேற, அது வேற. அது விளையாட்டுக்கு..."

"அத்த கேக்கல. புதனா, வெள்ளியா?"

"புதன்தான்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"டீக்கடையிலியே தெரியும்."

அவள் அழவில்லை. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். தென்னேரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினாள். நானும் பின்னால் ஏறினேன். ஏழு வருஷமாக வாசல் மிதிக்காத வீட்டின் முன் நின்று அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வெளியே வந்ததும் என்னைப் பார்த்து, "சொல்லுங்க" என்றாள்.

"அப்ப கொஞ்சம் கொழப்பம் ஆயிடுச்சி மச்சான்..." என்று ஆரம்பித்தேன்.

"கொழப்பம் இல்ல" என்றாள். "இன்னா தெரியும் உங்களுக்கு, எப்ப தெரியும், எதுக்கு மறச்சீங்க. அத்த சொல்லுங்க."

சொன்னேன். பதினாலு ஆள் சோறு வரைக்கும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். உன் மாமா என்னை ஒன்றும் செய்யவில்லை. தங்கையைப் பார்த்து, "அந்த மனுஷன் ஆஸ்பத்திரில உன்ன திட்டிக்கினே போயி சேந்தாரும்மா" என்றார். அதைக் கேட்டுத்தான் உன் அம்மா உட்கார்ந்தாள். வாசலிலேயே, மண்ணில். போனவரிடம் போய் யாரும் இனி விளக்கம் சொல்ல முடியாது என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

நாலு மாதம் அங்கே இருந்தாள். பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். என்னை மன்னித்து வந்தாள் என்று எண்ணாதே. "புள்ளைக்கி நெலம் இங்கதான் கீது" என்றாள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவளே பாய் விரித்துப் பெரியப்பாவையும் பெரியம்மாவையும் என்னையும் கூப்பிட்டாள். அன்றிலிருந்து ஆறேழு வருஷம், வாராவாரம். மாட்டேன் என்று சொல்ல எங்களில் யாருக்கும் முகமில்லை. நியாயமான சட்டப்படி ஆடி, ஒரு புள்ளி விடாமல் கூட்டி எழுதுவாள். பெரியப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்தது. கிளாவரை ஸ்பேட் என்று நினைத்துத் தப்பாக டிக் அடிப்பார். "கண்ணு தெரியலம்மா, இந்த ஒரு தடவ வுட்டுடு" என்று அவர் கெஞ்சியதைக் கேட்டிருக்கிறேன். "எண்பது மாமா" என்று சொல்லிவிட்டு எழுதுவாள். அவர் தட்டுத்தடுமாறி டீ போடப் போவார். அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்ட நாளிலும் அவள் எழுந்து போகவில்லை. நீ தெருவில் விளையாடிவிட்டு வரும்போது நாங்கள் நான்கு பேரும் குடும்பமாக உட்கார்ந்து விளையாடுவதைப் பார்த்திருப்பாய். எவ்வளவு ஒற்றுமை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

என் கதை இன்னும் சுருக்கம். நான் சொல்லும் எதையும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. மழை வருகிறது என்றால் முற்றத்துக்குப் போய்க் கையை நீட்டிப் பார்ப்பாள். போன வருஷம் எனக்கு மாரடைப்பு வந்தபோது நீ ஓடிவந்தாயே, அன்றைக்கு நெஞ்சு வலிக்கிறது என்று நான் சொன்னதும் அவள் முதலில் பக்கத்து வீட்டுக் கம்பவுண்டரைக் கூட்டிவந்தாள். "நெஜமாவே வலிக்கிதா பாருங்க" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை.

நான் உனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணடிப்பை நீ எங்கிருந்தோ எடுத்துக்கொண்டாய். சட்டத்தை மாற்றியது பெரிய தப்பில்லை, எல்லோரும் ஆட்டத்தில் ஏய்ப்பார்கள். ‘சொன்னேனே, மறந்துட்டியா’ என்றாயே, அங்கேதான் நீ என் மகன். உன் மனைவி படித்தவள், ஸ்கூலில் கணக்கு எடுக்கிறாள், அவளை அப்படியெல்லாம் ஏய்க்க முடியாது என்று உனக்கு நீயே சொல்லிக்கொள்ளாதே. அன்றைக்கு அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள், பிறகு தன்னைச் சந்தேகப்பட்டாள். உன்னைச் சந்தேகப்படவில்லை.

உன் அம்மா படித்துவிட்டாள். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாள். வசதியாக இருந்தது என்பதை நான் ஒரு தடவைதான் எழுதியிருந்தேன், இரண்டு தடவை எழுதவைத்தாள். டீக்கடையில் நான் தலையாட்டியதை விட்டிருந்தேன், சேர்த்துவிட்டேன். பிறகு முழுவதையும் இன்னொரு முறை பார்த்து எழுதச் சொன்னாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அந்தப் பிரதியை உறையில் போட்டு, உன் மனைவியின் பெயரையும் அவள் ஸ்கூல் விலாசத்தையும் உன் அம்மாவே எழுதி, திங்கட்கிழமை தபாலில் சேர்த்துவிட்டாள். உன்னுடையதை இன்று வியாழக்கிழமைதான் போடுகிறேன். நீ இதைப் பிரிக்கும்போது உன் மனைவி படித்து முடித்து இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கும். அவள் உன்னிடம் எதைக் கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அது உனக்குத்தான் தெரியும்.

அப்பா